விலை பார்க்க வந்தவள்

பாக்கியலட்சுமி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயால் கெட்டது வேறொருத்தி என்பதுதான் வினை.

வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. மைசூர் போகாதி ரோட்டில் இருக்கும் உளிதாயா மார்ட்டில் கூட்டம் குறைவு. உளிதாயா என்றால் கன்னடத்தில் சேமிப்பு. யாருக்குச் சேமிப்பு என்று கேட்கக் கூடாது, கேட்டால் வேலை போய்விடும். பிஸ்கட் வரிசையில் குனிந்து அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்த பாக்கியலட்சுமிக்குப் பக்கத்தில் நீலச் சுடிதார் போட்ட ஒரு பெண் நின்றாள். இருபது வயதுதான் இருக்கும். தோளில் பை. வாசலில் செக்யூரிட்டி அதன் ஜிப்பில் பிளாஸ்டிக் பட்டை மாட்டி இறுக்கியிருந்தான். ரஸ்க் பாக்கெட்டுகளை வாங்க வந்தவள் போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் கை தன்பாட்டுக்கு வேறு வேலை செய்தது. உள்ளே தள்ளிக் கிடந்த பாக்கெட்டுகளை விளிம்புக்கு இழுத்தது. பெயர் முன்னால் தெரியத் திருப்பியது. தேதி பார்த்துப் பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் மாற்றி வைத்தது.

பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்க அவள் செய்கிற வேலை அதுதான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால்கூட அவர்கள் சமையலறை அலமாரியில் டப்பாக்களை அவள் கை இப்படித்தான் முன்னால் இழுத்து வைக்கும்.

"எந்த ஊருங்க கண்ணு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "ராமாபுரமுங்க்கா. ஹனூர்ப் பக்கம்."

"அட, நானும் அங்கதானுங் கண்ணு! பேரென்ன?"

"மோகனப்ரியாங்க." சொல்லிவிட்டு அவள் பாக்கியலட்சுமியின் முகத்தையே பார்த்தாள். கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. தெரிந்துவிட்டதா, சொல்லிவிடுவாயா என்று கேட்கிற பார்வை.

தெரியாமல் என்ன? ரிங் ரோட்டில் இருக்கும் தொட்டசந்தை கடையிலிருந்து விலை பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். உளிதாயாவும் தொட்டசந்தையும் மலிவு விலைக்குப் போட்டி போடுகிற பெரிய கடைகள். வாரத்துக்கு ஒருநாள் இந்தக் கடை அந்தக் கடைக்கு ஆளனுப்பும், அந்தக் கடை இங்கே அனுப்பும். போகிறவள் சீருடையைக் கழற்றிவிட்டு, வாங்க வந்தவள் போல நடந்து, செல்போனில் புருஷனிடம் பேசுகிற மாதிரி பருப்பு விலையும் எண்ணெய் விலையும் சொல்வாள். அந்தப் பக்கம் புருஷன் இல்லை, பேனா பிடித்த சூப்பர்வைசர். இதற்கு சர்வே என்று பெயர். வேவு என்று சொன்னால் மேலதிகாரிகளுக்குக் கோபம் வரும். உளிதாயாவில் வியாழக்கிழமை மதியம் இந்த வேலை பாக்கியலட்சுமியுடையது.

மேலே இருப்பவர்கள் எப்படியோ போகட்டும். இரண்டு கடையிலும் நின்று வேலை செய்கிறவர்களுக்குள் யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. எதிர்க்கடை ஆளைக் கண்டால் கண்டும் காணாமல் விட்டுவிட வேண்டும். மற்றவருக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது. எல்லாரும் ஒரே பஸ்ஸில் கேசரேக்கு வீடு திரும்புகிறவர்கள். எல்லாரையும் வேலைக்கு வைத்திருப்பதும் கடை அல்ல, கடைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரே ஏஜென்சி. பஸ்ஸில் உட்கார்ந்து எந்தக் கடை நல்ல கடை என்று வம்பளப்பார்கள். உளிதாயாவில் ஒன்பது மணி நேரமும் நிற்க வேண்டும், சாய்ந்தால்கூட மேனேஜர் கேமராவில் பார்த்துவிட்டுக் கூப்பிடுவான். தொட்டசந்தையில் கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், ஆனால் பாத்ரூம் போக நோட்டில் எழுதி டோக்கன் வாங்க வேண்டும். இங்கே உட்காரக் கூடாது, அங்கே எழுந்திருக்கக் கூடாது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவரவர் ஸ்டாப்பில் இறங்குவார்கள்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் பாக்கியலட்சுமி. ஆனாலும் ஊர்ப்பெண்ணைக் கண்ட சந்தோஷம், அவள் கை செய்த கூத்து, இரண்டும் சேர்ந்து நாக்கைத் தளர்த்திவிட்டன. அந்த நேரம் பார்த்து செக்யூரிட்டி லிங்கப்பன் அந்த வரிசை வழியாக வந்தான்.

"பாத்தீங்களாண்ணா, நம்ம கடைக்கு கஸ்டமரே வந்து அடுக்கிக் குடுக்கறாங்க" என்றாள்.

லிங்கப்பன் சிரிக்கவில்லை. ரஸ்க் தட்டைப் பார்த்தான், பெண்ணின் கையைப் பார்த்தான், கடைசியில் காலைப் பார்த்தான். கடையில் நின்று வேலை செய்கிறவர்கள் எல்லாரும் போடுகிற, மெல்லிய ரப்பர் அடி வைத்த கறுப்புக் கேன்வாஸ் ஷூ. மாதம் இரண்டு திருடர்களையாவது பிடிக்க வேண்டும் என்று அவனுக்கு மேலிடத்து உத்தரவு. மாதம் முடியப் போகிறது, ஒருவரும் சிக்கவில்லை. அவன் வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் தான் என்ன செய்தோம் என்று பாக்கியலட்சுமிக்கு உறைத்தது. 

கால் மணி நேரத்தில் அவளுக்கும் அழைப்பு வந்தது. பெண் ஒருத்தியின் பையைத் திறப்பதானால் பெண் ஊழியர் ஒருத்தி கூட இருக்க வேண்டும் என்பது கடைச் சட்டம். சரக்கு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜன்னலில்லாத ஒரு அறை. கடை முழுக்கக் கேமரா வைத்திருக்கிறார்கள், அந்த அறையில் மட்டும் கிடையாது.

மோகனப்ரியா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் விளிம்போடு உட்கார்ந்திருந்தாள். செல்போனைப் பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பாக்கியலட்சுமி உள்ளே வந்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அக்கா, நான் சும்மா வெல பாக்கத்தான் வந்தனுங்க. நீங்க சொல்லுங்க்கா" என்றாள்.

ஸ்டோர் மேனேஜர் மஞ்சுநாத் பாக்கியலட்சுமியிடம் ஒரு கத்தரிக்கோலை நீட்டினான். அவன் சத்தம் போடுகிறவன் இல்லை. முப்பது வயது, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, எதையும் மெதுவாகச் சொல்வான். அதனால்தான் அவனைக் கண்டால் எல்லாருக்கும் கூடுதல் பயம். "திற, பாக்யா" என்றான். அவள் ஜிப்பில் மாட்டியிருந்த பட்டையை அறுத்துப் பையைத் திறந்தாள். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், மடித்த துப்பட்டா, பஸ் பாஸ், சீப்பு. அவ்வளவுதான். கையை விட்டுத் துழாவியும் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க சார்" என்றபோது அவளுக்கே நிம்மதியாக இருந்தது. விலை கேட்டதற்கு எந்த ஊரிலும் தண்டனை கிடையாதே, திட்டி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாள்.

மஞ்சுநாத் அவளை வெளியே நடைக்குக் கூட்டிவந்து கதவைச் சாத்தினான். அங்கே லிங்கப்பன் ஒரு தாளும் ஒரு தலை எண்ணெய் பாட்டிலும் வைத்துக்கொண்டு நின்றான். தாளில் கன்னடத்தில் எழுதியிருந்தது. பையின் பட்டை உடைந்திருந்தது, பைக்குள் எண்ணெய் பாட்டில் இருந்தது, சோதனை போட்டபோது பெண் ஊழியர் பாக்கியலட்சுமி கண்ணால் பார்த்தார்.

"சார், பட்டைய நான்தானுங்க அறுத்தேன். பாட்டில் எதுவும்..."

"ஏனம்மா, நமக்கு இவள் முக்கியமில்லை. இவளை அனுப்பினவன் மறுபடி அனுப்பக் கூடாது, அஷ்டே, அவ்வளவுதான். சும்னே ஒரு சைன்." பேனாவை நீட்டியபடியே அவன் இன்னொன்றும் சொன்னான். "கம்பெனி ரோல் லிஸ்ட் என் டேபிளில்தான் இருக்கிறது. ஒண்ணாந்தேதி அனுப்பணும்."

ஆறு வருடமாக அவள் ஏஜென்சி ஆள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலையைவிட்டு எடுத்ததாக எழுதி மறுநாள் மறுபடி சேர்ப்பார்கள். கம்பெனி ரோலில், அதாவது நிரந்தர ஆள் பட்டியலில், ஏறிவிட்டால் அந்தக் கூத்து இல்லை. காய்ச்சல் வந்தால் லீவு உண்டு, நாளைக்கு வராதே என்று யாரும் போனில் சொல்ல முடியாது. ஹனூரில் டிப்பர் ஓட்டும் புருஷன் வாரம் ஒருமுறைதான் வருவான். எட்டாவது படிக்கிற மகளை வைத்துக்கொண்டு தனியாகக் கிடக்கிறவளுக்கு அந்த லிஸ்ட் எவ்வளவு பெரியது என்று மஞ்சுநாத்துக்குத் தெரியும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பானேன் என்று அவள் மனசு கணக்குப் போட்டது.  பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

சாத்திய கதவுக்குள்ளிருந்து அந்தப் பெண், உள்ளே போன லிங்கப்பனிடம், "அந்தக்காவக் கேளுங்க, அவிங்க சொல்லுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பாக்கியலட்சுமி வேகமாக நடந்துவிட்டாள்.

மதியம் சோறு இறங்கவில்லை. லிங்கப்பன் போகிற போக்கில் சொன்னதை வைத்து நடந்ததும் நடக்கப் போவதும் தெரிந்தது. மஞ்சுநாத் தொட்டசந்தைக்குப் போன் போட்டிருக்கிறான். அந்தக் கடை மேனேஜர், அப்படி யாரும் எங்களிடம் இல்லை, எங்கள் ரோலில் அந்தப் பேரே கிடையாது என்று கையைக் கழுவிவிட்டான். பெண் இன்னும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. போட்டதும் போட்டோ எடுத்து, மைசூர்க் கடை மேனேஜர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் இந்த ஊரில் ஒரு ஜவுளிக்கடைகூட அவளை உள்ளே விடாது. போடும் வரை உட்கார்ந்திருக்கட்டும் என்று மஞ்சுநாத் சொல்லிவிட்டான்.

மூன்று மணிக்கு அவன் பாக்கியலட்சுமியைக் கூப்பிட்டான். "சர்வேக்குக் கிளம்பு."

"இன்னிக்கு வேண்டாமுங்க சார். அவிங்க ஆளப் புடிச்சு வெச்சிட்டு நானே அங்க போனா..."

"அவர்கள் ஆளே இல்லை என்கிறார்களே. பிறகு ஏன் உன்னைப் பிடிக்கப் போகிறார்கள்? இன்றைக்குப் பருப்பு விலை மாறுகிறது. போ."

போனாள். வேறென்ன செய்வாள்? ஆட்டோவில் ரிங் ரோடு போகிற வரைக்கும் ஒன்றேதான் ஓடிக்கொண்டிருந்தது. தன்னைப் பிடித்தால் மஞ்சுநாத்தும் இதையேதான் சொல்வான். பாக்கியலட்சுமியா, எங்கள் ரோலில் அப்படி யாரும் இல்லையே என்பான். அது பொய்யும் அல்ல. உண்மையாகவே அவள் பெயர் அந்தக் கம்பெனியின் எந்தத் தாளிலும் கிடையாது. இன்றைக்கு அவள் போட்ட அந்த ஒரு கையெழுத்தைத் தவிர.

தொட்டசந்தை வாசலில் அவள் பைக்குப் பட்டை மாட்டினார்கள்.  உள்ளே போய் இரண்டு கைகளையும் சேலை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். கை எதையும் தொடக் கூடாது. பருப்பு வரிசையில் ஒரு பாக்கெட் சரிந்து கிடந்தது, விரல் அரித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். கவுண்டரில் பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சைதான் என்று தெரிந்தும் போன வாரம்வரை அந்த ஸ்டூலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறாள். இன்றைக்கு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் வேறொரு நாற்காலிதான் கண்ணுக்குள் வந்தது. போனைக் காதில் வைத்து, "ஏனுங்க, தொவரம்பருப்பு வாங்கட்டுங்களா?" என்று ஆரம்பித்தவள் பாதியில் போனை இறக்கிவிட்டாள். விலை சொல்ல வரவில்லை.

பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் நரை, கடையின் பச்சை மேலங்கி. குச்சியை ஊன்றிக்கொண்டு பாக்கியலட்சுமியின் காலணியைப் பார்த்தாள்.

"உளிதாயாக் கடைங்களா அம்மிணி?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

பாக்கியலட்சுமி திரும்பி நடக்கப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. நான் யாரு கிட்டயும் சொல்ல மாட்டன். நாமெல்லாம் கண்டுக்காம போறதுதானுங்களே." அந்த அம்மாள் துடைக்கிற மாதிரியே குனிந்து நெருங்கி வந்தாள். "என்ற பேரு சாமியாத்தாள். என்ற புள்ள மோகனப்ரியா இங்கதான் வேல செய்யறா. காலீல உங்க கடைக்கு வெல பாக்க அனுப்புனாங்க. இன்னும் வரலீங்க. போன் எடுக்க மாட்டீங்கறா. மேனேசரக் கேட்டா, உன்ற புள்ள இன்னிக்கு வேலைக்கே வரலியே, எங்க போச்சோ எங்களக் கேக்காதேங்கறான். நோட்டுல பாத்தா ஆப்சென்ட்டுன்னு போட்டிருக்கானுங்க. காலீல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்து ஒண்ணாத்தான் கையெழுத்துப் போட்டோமுங்க." குரல் உடைந்தது. "அங்க எங்கியாச்சும் பாத்தீங்களா? நீலச் சுடிதார் போட்டிருந்தா."

"தெரியலீங்க" என்றாள் பாக்கியலட்சுமி. "நான் பாக்கலீங்க."

சொன்ன வேகத்தில் வாசலுக்கு நடந்தாள்.  அவளுக்குத் தன் மகளை நினைத்துத்தான் பயம், அந்த மகளுக்காகத்தான் அந்தக் கையெழுத்து என்று காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இதோ ஒருத்தி மகளைத் தேடித் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கூவி அழக்கூட முடியாது, அழுதால் கஸ்டமர் பார்ப்பார்கள் என்று வேலையைவிட்டு எடுத்துவிடுவார்கள். தன்னைக் கண்டு தனக்கே அருவருப்பாக இருந்தது. செக்யூரிட்டி பில்லுக்குக் கை நீட்டினான். அவள் திரும்பி நடந்தாள்.

"அக்கா, உங்க புள்ள எங்க கடைல பின்னாடி ரூம்புல இருக்கறா. திருடுனான்னு எழுதி வெச்சிருக்காங்க. அவ திருடலீங்க. நான்தான் பைய பாத்தேன்." மூச்சு வாங்கியது. "பாட்டில் இருந்ததா சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான்தானுங்க."

சாமியாத்தாள் கை ஓங்குவாள் என்று நினைத்தாள். ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாமியாத்தாள் குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தாள், மேலங்கியைக் கழற்றி மடித்து வாளிமேல் போட்டாள்.

"போலாம் வாங்க. வந்து அத அங்க சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நடுவேலையில் மேலங்கியைக் கழற்றினால் அன்றோடு வேலை போனது என்று இருவருக்கும் தெரியும். ஆட்டோவில் சாமியாத்தாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சோறு ஏதாச்சும் குடுத்தாங்களா அவளுக்கு?"

பாக்கியலட்சுமிக்குத் தெரியவில்லை. டிபன் டப்பாவை மேஜைமேல் எடுத்து வைத்தது அவள்தான். அதைத் திறந்து சாப்பிட விட்டார்களா என்று பார்க்கவில்லை. போகாதி ரோடு நெருங்க நெருங்க அவளுக்கு இறங்கி ஓடிவிடலாம் என்றிருந்தது. சாமியாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அன்பாகப் பிடித்த மாதிரியும் இல்லை, கோபமாகவும் இல்லை, கூட்டத்தில் குழந்தையைத் தொலைக்காமல் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள்.

பின்வாசலில் லிங்கப்பன் தடுத்தான். "சர்வே ரிப்போர்ட் குடுக்கணும், சார் வரச் சொன்னார்" என்று பாக்கியலட்சுமி சொன்னாள். அன்றைக்கு அவள் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் நல்ல பொய். அவன் யோசிப்பதற்குள் இருவரும் அறைக்குள் போய்விட்டார்கள்.

மோகனப்ரியா அதே நாற்காலியில் இருந்தாள். டிபன் டப்பா திறக்கப்படவில்லை. அம்மாவைக் கண்டதும் எழுந்தாள், ஆனால் முதலில் பேசியது பாக்கியலட்சுமியிடம்தான்.

"வந்துட்டீங்களாக்கா. நீங்க வந்து சொல்லுவீங்கன்னுதான் நான் எதுலயும் கையெழுத்துப் போடலீங்க."

அவளுக்குத் தெரியாது. நடையில் நடந்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை. காலையிலிருந்து நாலரை மணி நேரம் இந்தப் பெண் தன்னை நம்பிக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தாள் என்பது பாக்கியலட்சுமியைக் கன்னத்தில் அறைந்தது.

"நான் போட்டுட்டேன் கண்ணு" என்றாள். "அப்பவே போட்டுட்டேன். உன்ற பையில ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

மோகனப்ரியா அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மஞ்சுநாத் மேஜையிலிருந்து நிமிர்ந்தான். பாக்கியலட்சுமி அவன் முன்னால் போய் நின்று நடந்ததைக் கன்னடத்தில் சொன்னாள். பட்டை உடையவில்லை. தான்தான் அறுத்தது. பையில் எண்ணெய் இல்லை. காலையில் போட்ட கையெழுத்து பொய். போலீஸ் வந்தாலும் இதையேதான் சொல்வேன்.

அவன் கத்தவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டான். அந்தத் தாளை எடுத்து நிதானமாகப் படித்தான், பிறகு அதை நான்காகக் கிழித்தான். பாக்கியலட்சுமிக்கு ஒரு நொடி நெஞ்சு லேசானது.

"சரி" என்றான். "எண்ணெய் பாட்டில் ரெகவரி, திருடின சரக்கு மீட்பு, என்று கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. அதை இனி எடுக்க முடியாது. திருட்டு நடந்திருக்கிறது. இவள் எடுக்கவில்லை என்று நீயே சொல்கிறாய். அப்போ பட்டையை அறுத்தது யார்? நீ. பைக்குள் கையை விட்டது யார்? நீ. நீ பாட்டிலை எடுத்து அந்தப் பைக்குள் வைத்து அவளை மாட்டிவிடப் பார்த்தாய். கண்டுபிடித்ததும் மாற்றிப் பேசுகிறாய். லிங்கப்பனிடம் முதலில் காட்டிக்கொடுத்ததும் நீதானே?"

 அவன் சொன்னதில் கடைசி வரி நிஜம். ஒரு நிஜத்தின்மேல் அத்தனை பொய்யையும் அடுக்கிவிட்டான்.  மகள் நாலேகாலுக்குப் பள்ளிவிட்டு வருவாள் என்ற நினைப்பு சம்பந்தமில்லாமல் வந்தது.

மஞ்சுநாத் மோகனப்ரியாவின் போனை சாமியாத்தாள் பக்கம் தள்ளினான். "உங்க மகளைக் கூட்டிட்டுப் போங்கம்மா. உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுமில்லை." பிறகு பாக்கியலட்சுமியைப் பார்த்து நாற்காலியைக் காட்டினான். "உட்கார்." ஒரு புதுத் தாளை எடுத்து அவள் பெயரை எழுத ஆரம்பித்தான். எழுதிக்கொண்டே கடை அறிவிப்பு மைக்கில் சொன்னான். அவன் குரல் கடை முழுக்க, பருப்பு வரிசையிலும் பிஸ்கட் வரிசையிலும் கேட்டது. ஒரு பெண் ஊழியர் பின்னறைக்கு வர வேண்டும். பாக்கியலட்சுமியின் கைப்பையைச் சோதனை போட வேண்டுமே, சட்டம் சட்டம்தான்.

அவள் உட்கார்ந்தாள். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. யார் வந்தாலும் அவர்களுக்கும் ஒரு லிஸ்ட் இருக்கும், வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும். பேனாவை நீட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கடையில் யாரும் இல்லை.

"வா சாமி, போயரலாம்" என்று சாமியாத்தாள் மகளை வாசலுக்கு இழுத்தாள். "நிக்காத. வா."

மோகனப்ரியா வாசற்படியில் நின்றுவிட்டாள். 

"பொம்பள ஆளுதான வேணும் உங்களுக்கு? நான் இருக்கறனுங்க சார். அந்தக்கா பைய நான் பாக்கறேன்."

"நீ எங்க ஸ்டாஃப் இல்லை" என்றான் மஞ்சுநாத், எழுதுவதை நிறுத்தாமல்.

"அந்தக்காவும் உங்க ஸ்டாஃப் இல்லீங்களே. அவிங்களும் நானும் ஒரே ஏஜென்சிதானுங்க."

அவன் பேனா நின்றது. சாமியாத்தாள் மகளின் கையைப் பிடித்து இன்னொரு முறை இழுத்தாள். பெண் வரவில்லை என்றதும் விட்டுவிட்டு, கதவை மறித்துக்கொண்டு தானும் நின்றாள். மஞ்சுநாத் மறுபடி மைக்கை எடுத்து அதே வார்த்தைகளை, இந்தமுறை கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். வெளியே நடையில் யாரோ நடந்து வரும் ரப்பர் அடிச் சத்தம் கேட்டது.

மோகனப்ரியா வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பாக்கியலட்சுமியின் கையைத் தேடிப் பிடித்தாள். 

"எனக்குப் பயமா இருக்குதுங்க்கா" என்றாள் மெல்ல.

"எனக்குந்தான் கண்ணு" என்றாள் பாக்கியலட்சுமி. இன்னொரு பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.